குமரியிலிருந்து கர்வி மாடலாக: டேப்பில் தொடங்கி பில்லில் முடியும் வேலை

பெரிய சைஸ் துணி விற்கிறவர்களுக்கு ஒரு தீராத தலைவலி உண்டு. மீடியம் சைஸ் பெண்ணுக்கு உடுத்திப் படமெடுத்துப் போட்ட குர்த்தியை, 3 எக்ஸ்எல் வாங்கிய பெண் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறார். கழுத்து தோளை விட்டு இறங்குகிறது, கை இறுக்குகிறது, படத்தில் முட்டிக்குக் கீழே நின்ற துணி இவருக்கு முட்டிக்கு மேலேயே நின்றுவிடுகிறது. போக வரக் கூரியர் செலவு கடைக்காரர் தலையில். வாங்குகிறவர் தன்னைப் போன்ற உடம்பில் அந்தத் துணியைப் பார்த்தால் இந்தத் தொல்லை பாதி குறையும். கர்வி மாடலுக்கு, அதாவது பெரிய சைஸ் (பிளஸ் சைஸ்) உடம்போடு துணிக்கு மாடலாக நிற்பவருக்கு, வேலை வருவது இங்கிருந்துதான். அழகு, தன்னம்பிக்கை, மாற்றம் என்ற பேச்செல்லாம் அப்புறம்.

நான் குமரி மாவட்டத்துத் தக்கலைக்காரி. கேட்டலாக் ஷூட்டுக்கும் ஃபிட்டிங்குக்கும் போய்வருகிறவள். “அக்கா, எங்கே தொடங்கணும்?” என்று கேட்கிற பிள்ளைகளுக்குத் துண்டு துண்டாகச் சொல்லிவந்ததை இங்கே வரிசையாக எழுதுகிறேன். பதினெட்டு வயது முடியாதவர்கள் இதைப் படித்து வைத்துக்கொள்ளலாம், படம் அனுப்ப வேண்டாம்.

யார் காசு கொடுக்கிறார்கள்

மாடலிங் என்றதும் எல்லோருக்கும் ராம்ப்தான் கண்ணில் தெரியும். அங்கேயும் கதவு திறந்திருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. லக்மே ஃபேஷன் வீக்கில் 2016இல் பிளஸ் சைஸுக்கென்று தனி ஷோ நடந்தது. அதே வருடம் அமெரிக்க கர்வி மாடல் ஆஷ்லி கிரஹாம் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் நீச்சலுடை இதழின் அட்டையில் வந்தார். 2023 ஏப்ரலில் பிரிட்டிஷ் வோக் அட்டையில் பிரெஷியஸ் லீ, பலோமா எல்செஸர், ஜில் கோர்ட்லெவ் என்ற மூன்று கர்வி மாடல்களும் சேர்ந்து நின்றார்கள். ஆனால் நாகர்கோவிலில் இருந்து தொடங்குகிற ஒருத்தியின் மாதச் செலவை ராம்ப் தாங்காது. வருடத்தில் சில நாள் நடக்கிற விஷயம் அது.

காசு ஓடுவது கேட்டலாக்கில். ஆன்லைனில் குர்த்தி, நைட்டி, லெக்கிங்ஸ், உள்ளாடை என்று வரிசையாக வருகிறதே, அந்தப் படங்கள்தான். ஒரே நாளில் முப்பது, நாற்பது உடுப்புகூட மாற்ற வேண்டி வரும். முகபாவனை குறைவு, வேகம் முக்கியம். அடுத்தது, மேக்கப் கலைஞர்களின் பிரைடல் ஷூட். நம் மாவட்டத்தில் கல்யாண மேக்கப் பெரிய தொழில். பூசினாற்போல உடம்புள்ள மணப்பெண்கள் தங்களைப் போன்ற ஒருவருடைய படத்தைப் பார்த்துத்தான் அந்த மேக்கப்காரரைக் கூப்பிடுவார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும். நகை, பட்டு விளம்பரங்கள் அதற்கு அடுத்த படி.

இன்னொரு வேலை இருக்கிறது, நம் ஊரில் யாருக்கும் தெரியவே தெரியாது. ஃபிட் மாடல். இதில் படமே கிடையாது. துணி உற்பத்திக்குப் போகும் முன் தைத்த சாம்பிளை நாம் உடுத்தி நிற்க வேண்டும். துணி வெட்டும் மாதிரியை (பேட்டர்ன்) வரைகிற பேட்டர்ன் மாஸ்டரும் ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசரும் சுற்றி நின்று பின் குத்துவார்கள். கையைத் தூக்கு, உட்கார், குனி என்பார்கள். மீடியம் சைஸ் பேட்டர்னில் ஒவ்வொரு பக்கமும் அங்குலம் கூட்டிக்கொண்டே போய் 4 எக்ஸ்எல் ஆக்கினால் கழுத்து அகன்று தோள் நழுவும், கைக்குழி தொங்கும். உடம்பு எல்லா இடத்திலும் ஒரே அளவில் பெருப்பதில்லை அல்லவா. அதனால் பெரிய சைஸுக்குத் தனியாக ஓர் அடிப்படை அளவு வைத்து, அந்த அளவுள்ள நிஜ ஆளுக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். முகம் யாருக்கும் தெரியாது என்பதால் வீட்டில் சம்மதம் வாங்குவதும் சுலபம். தையல் தெரிந்திருந்தால் இரட்டைப் பலன். “எங்கேயோ இறுக்குது” என்பவளைவிட, “கைக்குழி முன்பக்கம் கால் இஞ்ச் வெட்டணும்” என்று சொல்பவளைத் திரும்பக் கூப்பிடுவார்கள். 19ஆம் நூற்றாண்டில் மிஷனரி மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த காலத்திலிருந்து ஊசியும் நூலும் பிடித்துவரும் ஊர் இது. அந்தப் பழக்கத்தை இப்படியும் காசாக்கலாம்.

ஆண்களுக்கும் ஒரு வரி: பெரிய சைஸ் சட்டைக்கும் மாடல் தேடுகிறார்கள். போட்டி குறைவு. கீழே சொல்வதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும்.

முதலில் டேப்பை எடுங்கள்

இந்தத் தொழிலில் உங்கள் மூலதனம் முகம்கூட இல்லை, அளவு. சொன்ன அளவும் வந்து நிற்கிற உடம்பும் ஒன்றாக இருக்க வேண்டும். நாற்பத்திரண்டு என்று சொல்லி நாற்பத்தைந்தாகப் போய் நின்றால் அவர்கள் கொண்டுவந்த துணி மொத்தமும் ஏறாது, அன்றைய ஷூட்டே படுத்துவிடும். குறைத்துச் சொல்வதுதான் இங்கே எல்லோரும் செய்வது. கர்வி மாடலிங்கில் அதனால் ஒரு லாபமும் இல்லை. அவர்களுக்குத் தேவையே பெரிய எண்தான்.

தையல் கடை டேப் பழசானால் இழுபட்டு அரை இஞ்ச் வரை பொய் சொல்லும். புதிதாக ஒன்று வாங்குங்கள், பத்திருபது ரூபாய் சமாச்சாரம். தையல்காரரிடம் அளவெடுத்தால் அவர் பழக்கத்தில் லூஸ் சேர்த்துத்தான் எழுதுவார். “உடுப்பளவு வேண்டாம், உடம்பளவு எழுதுங்க அண்ணா” என்று சொல்லிவிடுங்கள். வீட்டில் அக்காவோ அண்ணியோ எடுத்தாலும் போதும். துப்பட்டா, சுடிதார் மேல் வைத்து எடுக்கக் கூடாது. பேட் வைக்காத பிரா, ஒட்டிய லெக்கிங்ஸ் போட்டு நில்லுங்கள்.

மார்பு, மிகவும் எடுப்பான இடத்தில். மார்புக்குக் கீழ். இடுப்பு, தொப்புளுக்குச் சற்று மேலே ஒடுங்கும் இடத்தில். மெலிந்த மாடல்கள் எழுதாத ஓர் அளவை நாம் எழுத வேண்டும்: வயிறு, அதன் அகலமான இடத்தில். நம்மில் பலருக்கு இடுப்பைவிட வயிறு நான்கைந்து இஞ்ச் கூட இருக்கும், பேன்ட் நிற்பதும் நிற்காததும் அதில்தான் இருக்கிறது. அப்புறம் பின்பக்கம் அகலமான இடம், பாதங்களைச் சேர்த்து வைத்து. தொடை. மேல்கை, ரெடிமேட் குர்த்தி நமக்குத் தோற்பது பெரும்பாலும் கையில்தான். தோள் அகலம், கால் உள்நீளம், செருப்பு சைஸ். உயரம் வெறுங்காலோடு, சுவரில் பென்சில் கோடு போட்டு. இஞ்ச், சென்டிமீட்டர் இரண்டிலும் எழுதி, அளவெடுத்த தேதியையும் போடுங்கள். மாதவிடாய் வாரத்தில் எடுக்காதீர்கள். பலருக்கு அப்போது வயிறு உப்பியிருக்கும்.

பெரும்பாலான குர்த்தி பிராண்டுகளில் எக்ஸ்எல் 42, டபுள் எக்ஸ்எல் 44, 3 எக்ஸ்எல் 46 என்று மார்பளவு போகும். பிராண்டுக்கு பிராண்டு மாறும், ஆகவே “நான் டபுள் எக்ஸ்எல்” என்று மட்டும் சொல்லாமல் எண்ணைச் சொல்லுங்கள். வெளிநாட்டு ஏஜென்சிகள் கர்வி மாடலுக்கும் 5 அடி 8 அங்குலத்தை ஒட்டிய உயரம் கேட்பார்கள். நம் ஊர் கேட்டலாக்குக்கு அவ்வளவு கண்டிப்பு இல்லை. ஃபிட்டிங்கிலும் பிரைடலிலும் உயரத்தைப் பெரும்பாலும் பார்க்கவே மாட்டார்கள்.

வேலைக்காக உடம்பை ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வழக்கம்போல் சாப்பிடுங்கள். தைராய்டு, சர்க்கரை, பிசிஓஎஸ் இருந்தால் டாக்டர் சொல்கிறபடி கேளுங்கள். அதனால் எடை மாறினால் மாறட்டும், புது அளவை எழுதி அனுப்பினால் சரி.

செல்போன் படம் போதும்

ஆரம்பத்தில் போர்ட்ஃபோலியோ என்கிற படத் தொகுப்புக்கென்று ஐம்பதாயிரம், ஒரு லட்சம் கொட்டுவது வீண். கேஸ்டிங் செய்கிறவர் (மாடலைத் தேர்ந்தெடுப்பவர்) முதலில் கேட்பது டிஜிட்டல்ஸ், அதாவது மேக்கப், ஃபில்டர் எதுவும் இல்லாத சாதாரணப் படங்கள்.

கறுப்பு நிறத்தில் ஒட்டிய டாப், லெக்கிங்ஸ். முடியை வாரிக் கட்டி ஒன்று, விரித்து ஒன்று. வெள்ளையோ வெளிர் நிறமோ அடித்த வெறும் சுவர். காலண்டரைக் கழற்றிவிடுங்கள். நேர் வெயில் படாத வராந்தா, காலை எட்டு எட்டரை மணி வெளிச்சம் அருமையாக இருக்கும். போனை உயரத்தில் பிடித்து எடுத்தால் தலை பெருத்துக் கால் குட்டையாகும். எடுப்பவர் இடுப்பு உயரத்தில் போனைப் பிடித்து, நன்றாகப் பின்னால் தள்ளி நின்று, கொஞ்சம் ஜூம் செய்து எடுக்க வேண்டும். முன்பக்கம், இரு பக்கவாட்டு, பின்பக்கம், முக்கால் திரும்பல், முகம் தனியாக, சிரித்து ஒன்று, சிரிக்காமல் ஒன்று. நடந்துவந்து திரும்புகிற பதினைந்து விநாடி வீடியோ ஒன்று. வயிற்றை எக்காதீர்கள். பிள்ளைகள் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள், பார்ப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

முட்டம் பாறையில் சேலை பறக்க நிற்கிற படம் இன்ஸ்டாகிராமுக்கு நன்றாக இருக்கும். கேஸ்டிங்குக்கு அதில் ஒன்றும் தெரியாது.

நாலைந்து நல்ல படங்கள் வேண்டும் என்கிற கட்டத்தில் டெஸ்ட் ஷூட் செய்யலாம். புதிதாகத் தொழிலுக்கு வந்த போட்டோகிராபர், மேக்கப் கலைஞர், பொட்டிக் வைத்திருப்பவர், நீங்கள் என்று நாலு பேர் காசு வாங்காமல் சேர்ந்து எடுத்து, நாலு பேரும் படத்தைப் பயன்படுத்திக்கொள்வது. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கல்யாண போட்டோகிராபர்களுக்குப் பஞ்சமே இல்லை. கல்யாணச் சீசன் இல்லாத மாதங்களில் கேட்டால் உற்சாகமாக வருவார்கள். இடம் தேடி அலைய வேண்டாம், மாத்தூர் தொட்டிப்பாலம், வட்டக்கோட்டை, தோவாளைப் பூச்சந்தை எல்லாம் பக்கத்தில்தான். பெரிய கேமராவோடு போகும் இடமென்றால் அனுமதி வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பத்மநாபபுரம் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறை பார்த்துக்கொள்கிறது, அங்கே இஷ்டத்துக்கு ஷூட் செய்ய முடியாது.

கேமரா முன் நிற்கும்போது ஒரே ஒரு பழக்கம் போதும்: கையை உடம்போடு ஒட்டாதீர்கள். கைக்கும் இடுப்புக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் துணியின் வெட்டு தெரியும். மற்றதெல்லாம் நாலு ஷூட்டில் தானாக வரும்.

எந்தக் கதவைத் தட்டுவது

முதல் வட்டம் உள்ளூர். பொட்டிக், மேக்கப் ஸ்டுடியோ, இன்ஸ்டாகிராமில் நைட்டி விற்கும் வீட்டுத் தொழில்காரர்கள். இவர்களிடம் பெரிய சம்பளம் கிடைக்காது, ஆனால் படம் கிடைக்கும், வேகம் பழகும்.

இரண்டாவது வட்டம் கேரளம். நமக்கு இருக்கும் பெரிய அனுகூலம் இது, சென்னைப் பெண்ணுக்குக்கூடக் கிடையாது. மார்த்தாண்டத்தில் இருப்பவருக்கு நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஏறக்குறைய ஒரே தூரம். காலையில் போய் மாலையில் வீட்டுக்கு வந்துவிடலாம். கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைகளுக்கு மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. நகை, பட்டு விளம்பரங்கள் கொச்சியை மையமாக வைத்து நிறைய நடக்கின்றன. உங்கள் விவரத்தில் “தமிழ், மலையாளம் பேசுவேன்” என்று முதல் வரியிலேயே போடுங்கள்.

மூன்றாவது வட்டம் திருப்பூரும் பெங்களூரும். பின்னல் துணி, நைட்வேர், உள்ளாடை உற்பத்திக்குத் திருப்பூர், அங்கே ஃபிட்டிங் வேலை. மிந்த்ரா, மீஷோ, ஃபிளிப்கார்ட் மூன்றும் பெங்களூரில் இருப்பதால் கேட்டலாக் ஸ்டுடியோக்களும் அங்கே அதிகம். கன்னியாகுமரியில் புறப்படும் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் நாகர்கோவில், குழித்துறை, எர்ணாகுளம், திருப்பூர் வழியாகப் பெங்களூர் போகிறது. நம் தொழிலுக்கென்றே விட்ட ரயில் மாதிரி. சென்னையை நான் கடைசியில் வைப்பேன். அங்கே போட்டி அதிகம், தங்கும் செலவும் அதிகம்.

அனுப்பும் செய்தி சுருக்கமாக இருக்கட்டும். “வணக்கம். நான் நாகர்கோவிலைச் சேர்ந்த கர்வி மாடல். உயரம் 5 அடி 5, மார்பு 44, இடுப்பு 38, பின்பக்கம் 48, அளவெடுத்த தேதி இது. உங்கள் டபுள் எக்ஸ்எல் குர்த்தி வரிசையைப் பார்த்தேன், அதில் மாடல் படம் இல்லை. டிஜிட்டல்ஸ் இணைத்திருக்கிறேன்.” இவ்வளவுதான். அவர்களிடம் இல்லாததைச் சுட்டிக்காட்டும் அந்த ஒரு வரிக்காகவே பதில் வரும். சிறுவயதிலிருந்தே மாடலிங் கனவு என்பதையெல்லாம் பேட்டியில் சொல்லிக்கொள்ளலாம்.

பையில் என்ன இருக்க வேண்டும்

ஸ்டுடியோவில் நம் அளவுக்கு எதுவும் இருக்காது என்று முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள். சேலை ஷூட் என்றால் பிளவுஸ்தான் முதல் சிக்கல். அவர்கள் வைத்திருப்பது 36, 38. முதுகில் ஊக்கு மாட்டாமல் கிளிப் போட்டு, முந்தானையால் மறைத்து, நாள் முழுக்க மூச்சுப் பிடித்து நிற்க வேண்டி வரும். கறுப்பு, தங்க நிறம், கிரீம் என்று மூன்று பிளவுஸ் சொந்தமாகத் தைத்துக் கொண்டுபோங்கள், உள்ளே பிரித்துவிட ஒன்றரை இஞ்ச் துணி விட்டு. சுற்றளவு போதுமான உள்பாவாடையும் அதேபோல.

தோல் நிறத்தில் தையல் தெரியாத உள்ளாடை இரண்டு செட், ஸ்ட்ராப் இல்லாத பிரா, தொடை உரசாமல் இருக்க உள்ளே போடும் ஷார்ட்ஸ், பவுடர், ஊக்கு, உங்கள் நிறத்துக்கு ஏற்ற ஃபவுண்டேஷன். வயிற்றை இறுக்கும் ஷேப்வேர் பையில் இருக்கட்டும், அவர்கள் கேட்டால் மட்டும் போடுங்கள். ஃபிட்டிங் வேலைக்கு அதைப் போடவே கூடாது, அளவு பொய்யாகிவிடும்.

சம்மதமும் எல்லையும்

“மக்ளே, கொஞ்சம் வண்ணம் கொறஞ்சாத்தான் நல்ல எடத்துல மாப்பிள்ள வரும்” என்று சொல்லிக்கொண்டிருக்கிற சித்தியிடம் போய், இந்த வண்ணத்துக்குத்தான் (எங்கள் பேச்சில் வண்ணம் என்றால் உடம்புப் பருமன்) சம்பளம் என்று சொன்னால் முதலில் சிரிப்பார். வாதாட வேண்டாம். முதல் ஷூட்டுக்கு அம்மாவையோ அண்ணனையோ கூட்டிக்கொண்டு போங்கள். நாள் முழுக்க உடுப்பு மாற்றி மாற்றி அலுத்துப்போகிற வேலை இது என்று அவர்களே வந்து ஊரில் சொல்வார்கள்.

எதை உடுத்துவேன், எதை மாட்டேன் என்பதை ஷூட்டுக்கு முன்பே எழுதி அனுப்புங்கள். கை இல்லாத டாப் சரி, உள்ளாடை இல்லை, நைட்டி சரி, நீச்சலுடை இல்லை என்று எப்படி வேண்டுமானாலும். உள்ளாடை செய்வதும் மரியாதையான வேலைதான், செய்கிறவர் விருப்பம். மார்பை மறைக்கும் தோள்சீலை உடுத்துகிற உரிமைக்காகப் போராடி 1859இல் அரசாணை வாங்கிய பெண்களின் மாவட்டம் இது. என்ன உடுத்துவது என்பதை அடுத்தவரிடம் விடாமல் இருப்பது நமக்குப் புதிதில்லை.

ஏமாற்றுக்காரர்கள்

ஏஜென்சி என்று சொல்லிப் பதிவுக் கட்டணம், போர்ட்ஃபோலியோ கட்டணம், பயிற்சிக் கட்டணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஒழுங்கான ஏஜென்சி நாம் சம்பாதிக்கும்போது அதிலிருந்து பங்கு எடுக்கும், பொதுவாக 20 சதவீதத்தை ஒட்டி. “உடம்பு செக் பண்ணணும், உள்ளாடையோட படம் அனுப்பு” என்று வாட்ஸ்அப்பில் கேட்பவர் எந்த பிராண்டு பெயரைச் சொன்னாலும் நம்பாதீர்கள். அந்த பிராண்டின் இணையதளத்தில் இருக்கும் மின்னஞ்சலுக்கு எழுதிக் கேளுங்கள். ஹோட்டல் அறையில் ஆடிஷன் என்றால் போகாதீர்கள்.

காசு போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். படத்தை வைத்து மிரட்டினால் சைபர் கிரைம் இணையதளத்தில் பெயர் சொல்லாமலே புகார் கொடுக்க வழி இருக்கிறது. பெண்கள் உதவி எண் 181. ஷூட் நடக்கும் இடத்தில் தொல்லை நடந்தால், 2013ஆம் வருடச் சட்டப்படி மாவட்டந்தோறும் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்கிறது. பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்கிற சின்ன ஸ்டுடியோவாக இருந்தாலும் அங்கே போகலாம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

பேச்சு, பில், பேமென்ட்

சம்பளம் நாள் கணக்கிலோ அரைநாள் கணக்கிலோ ஓர் உடுப்புக்கு இவ்வளவு என்றோ பேசப்படும். எண்ணைச் சொல்லும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். படம் எங்கெல்லாம் வரும்? எத்தனை மாதத்துக்கு? பயணமும் சாப்பாடும் யார் செலவு? இணையதளத்தில் மட்டும் ஆறு மாதம் வருகிற படத்துக்கும், ஊர் ஊராக ஹோர்டிங்கில் இரண்டு வருடம் நிற்கிற படத்துக்கும் ஒரே விலை சொல்லக் கூடாது. இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: உங்கள் படத்தை வைத்து ஏஐயில் வேறு உடுப்பு மாட்டுவது. அதற்கு அனுமதி இல்லை, வேண்டுமென்றால் தனியே பேச வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பேசியது போனில் என்றாலும், முடிந்ததும் வாட்ஸ்அப்பில் எழுதி “சரிதானே?” என்று கேட்டு, அவர் சரி என்று போடும் பதிலைப் பத்திரமாக வையுங்கள்.

பான் கார்டும் வங்கிக் கணக்கும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். அண்ணன் கணக்குக்கு வாங்காதீர்கள். ஷூட் முடிந்த அன்றே பில் அனுப்புங்கள். ஒரு மாதம், ஒன்றரை மாதம் இழுப்பது இந்தத் தொழிலில் சாதாரணம், எனவே முதல் வேலையை நம்பி இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள். டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே கழிக்கும் வரி) பிடித்திருந்தால் வருமானவரி இணையதளத்தில் பார்த்து, வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது சரிக்கட்டிக்கொள்ளலாம். வருட வருமானம் 20 லட்சத்தைத் தாண்டும் வரை ஜிஎஸ்டி பற்றிக் கவலை வேண்டாம். காசோ பொருளோ வாங்கிக்கொண்டு உங்கள் பக்கத்தில் பதிவு போட்டால் அது விளம்பரம் என்று தெரிகிற மாதிரி குறிப்பிட வேண்டும். விளம்பரத் தரக் கவுன்சில் 2021இலேயே அதற்கு விதி போட்டுவிட்டது.

பணம் வந்ததும் அதே ஆளுக்கு நன்றி சொல்லி ஒரு வரி போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவெடுத்து, மாறினாலும் மாறாவிட்டாலும் புதுத் தேதியோடு எல்லோருக்கும் அனுப்புங்கள். ஓணத்துக்கும் தீபாவளிக்கும் வரும் துணிக்கான ஷூட் இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே முடிந்துவிடும். ஆகவே வைகாசிக்குள் உங்கள் செய்தி அவர்கள் போனில் இருக்க வேண்டும்.